வோஃபா பாதுவுக்குப் பதினோரு மூத்தவர்கள்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கும் கானாக்காரர்களில் இணைய வானொலியை முதலில் தொடங்கியவன் யாவ் தெப்ராதான். இதை மறுப்பவர்கள் உண்டு. அவர்களும் ஆளுக்கொரு வானொலி வைத்திருக்கிறார்கள் என்பதால் அவர்கள் சொல்வதைக் கணக்கில் எடுக்க முடியாது.

யாவ் தன் வானொலிக்கு 'உண்மை முரசு' என்று பெயர் வைத்திருந்தான். அது இயங்கியது அவன் படுக்கையறைச் சுவரலமாரிக்குள். மனைவி அஃப்ரியேயின் துணிகள் மூன்று பக்கமும் தொங்கும், நடுவில் ஒரு முக்காலி, ஒரு கணினி, ஒரு மைக். அத்தனை துணிக்கு நடுவே எதிரொலி எப்படி வரும்? நியூயார்க்கின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில்கூட அவ்வளவு நல்ல துணி கிடையாது. ஒரே இடைஞ்சல், கோயிலுக்கு நேரமாகிவிட்டால் செய்தி வாசிக்கும்போதே அஃப்ரியே கையை உள்ளே விட்டுத் தலைத்துணியை உருவிக்கொண்டு போய்விடுவாள்.

முதல் வருடம் அவன் ராஜாதான். ஊர்ச் செய்தி, கால்பந்து, சாவு அறிவிப்பு எல்லாம் அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும். டாக்சி ஓட்டுகிறவர்கள் ஒரு எண்ணுக்குப் போன் போட்டு நாள் முழுக்க அவனைக் கேட்டார்கள். கடைக்குப் போனால் நல்ல சேனைக்கிழங்கை அவனுக்கென்று எடுத்து வைத்தார்கள்.

அப்புறம் ஊரில் ஒரு சங்கதி தெரிந்துபோயிற்று. வானொலிக்கு வேண்டியது ஒரு கணினி, ஒரு மைக், ஒரு வாய். மூன்றாவது இல்லாத ஆள் எங்கள் கூட்டத்தில் ஏது? யாவ் குடியிருந்த நாலாவது மாடியில் மட்டும் மூன்று வானொலிகள் முளைத்தன. கொதிகலன் பழுதுபார்க்க வந்தவரை மூன்று வானொலியும் பேட்டி எடுத்தன. மூன்றாவது பேட்டிக்குள் அவருக்குப் பேச்சு அவ்வளவு நன்றாகக் கைவந்துவிட்டதால், கொதிகலனை அப்படியே விட்டுவிட்டுப் போய் அவரும் ஒன்று தொடங்கினார்.

இதெல்லாம் யாவுக்குப் பெரிதாகப் படவில்லை. அவன் வயிற்றில் தீ மூட்டியது அபெனா ஞார்கோவின் வானொலி.

அபெனா 167ஆம் தெருவில் சடை பின்னும் கடை வைத்திருந்தவள். ஒரு தலைக்குப் பின்னி முடிக்க ஆறு மணி நேரம் ஆகும். ஆறு பெண்கள் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். நடுவில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டாள். மற்றவர்கள் வானொலி தொடங்கிவிட்டுப் பேச்சைத் தேடி அலைந்தார்கள். அவள் கடையிலோ பேச்சு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அதற்கு ஒரு குழாய் மட்டும் வைத்தாள். ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தாள். ஊர் அதைச் 'சடை ரேடியோ' என்றது.

யாவின் கணினித் திரையில் ஓர் ஓரத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற எண் தெரியும். அது நானூற்றிலிருந்து இருநூறாயிற்று, முப்பத்தொன்றாயிற்று, கடைசியில் நாலில் வந்து நின்றது. அந்த நாலு பேரையும் அவனுக்குத் தெரியும். ஒருவன் ஹாம்பர்க்கில் இருக்கும் சித்தப்பா மகன். இன்னொருத்தி ஒரு பாட்டுக்காகக் காத்திருப்பவள், அந்தப் பாட்டு யாவிடம் இல்லை. மூன்றாமவர் அலாஸ்காவில் இருப்பவர், எட்டு மாதமாக இரவும் பகலும் வானொலியை அணைத்ததே இல்லை. ஒன்று மிகப் பெரிய ரசிகராக இருக்கவேண்டும், அல்லது இறந்திருக்கவேண்டும். நாலாவது யாவேதான். சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கத் தன் போனிலேயே போட்டு வைத்திருந்தான்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, கோயிலிலிருந்து வந்ததும், அஃப்ரியே போனை ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்குள் போட்டுச் சடை ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு சமைப்பாள். அலமாரிக்குள் அவன் 'அன்பான நேயர்களே' என்னும்போது அடுப்படியில் அபெனா சிரிப்பாள்.

"அஃப்ரியே, நீ என் ரேடியோவக் கேக்கக்கூடாதா?"

"ஒன் பேச்சத்தான் வாரம் பூரா கேக்குறேனே. ஞாயித்துக்கிழமையுமா?"

"அது வீட்டுப் பேச்சு. இது நிகழ்ச்சி."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இதுல நடுவுல பாட்டு வரும்."

"அப்பப் பாட்டு வரும்போது கூப்பிடு, வர்றேன்."

யாவ் நெஞ்செரிச்சல் மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டான். அவன் எரிச்சலுக்கு அது மருந்தில்லை.

அந்த ஞாயிறே அவன் ஒரு முடிவுக்கு வந்தான். தன் வானொலியில் பதினாறு நிமிடம் ஓடும் எங்கள் ஊர் ஹைலைஃப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டான். எங்கள் ஊர்க் கிழவர்கள் மெல்லும் கோலாக் கொட்டை ஒன்றை வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டான், குரல் எழுபது வயதுக்குப் போயிற்று. இன்னொரு போனை எடுத்துச் சடை ரேடியோவுக்குப் போட்டான். அபெனாவை ஊர் கேட்க அவமானப்படுத்திவிட்டு வைத்துவிடுவது என்பது திட்டம்.

"ஹலோ, யாரு பேசுறீங்க? எங்கேருந்து?"

பெயரை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்த ஒரு பெயரையும், பாஸ்டன் பக்கத்து ஊர் ஒன்றையும் சொன்னான். "பாது. வூஸ்டர்லேருந்து பேசுறேன்."

எங்களில் பத்தாவதாகப் பிறந்த பிள்ளைக்குத்தான் பாது என்று பெயர். யாவ் பிறந்த வீட்டில் மொத்தமே இரண்டு பிள்ளைகள். அவசரத்தில் வாயிலிருந்து விழுந்த அந்தப் பெயர் பின்னால் என்னவெல்லாம் செய்யப்போகிறது என்று அவனுக்கு அப்போது தெரியாது.

"வோஃபா!" என்றாள் அபெனா. தாய்மாமனை அப்படித்தான் கூப்பிடுவோம். கிழக்குரல் என்றால் யாராயிருந்தாலும் வோஃபாதான். "வோஃபா பாது! பத்தாவது புள்ளையா நீங்க? பத்துப் பெத்ததுக்கு ஒங்கம்மாவுக்கு ஒங்கப்பா செம்மறி ஆடு குடுத்தாரா இல்லியா?"

"குடுத்தாரும்மா. அது அப்பவே ஓடிப்போச்சு. இப்ப ஒன் ரேடியோவுல அதோட குரல் கேட்டுச்சு. அதான் போன் போட்டேன்."

கடையில் பின்னிக்கொண்டிருந்த கைகள் நின்றன. பிறகு ஆறு நாற்காலியும் சேர்ந்து சிரித்தன. அபெனாவுக்குச் சிரிப்பில் மூச்சு திணறியது. "வோஃபா, வச்சிராதீங்க! இன்னும் ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போங்க!"

இணைய வானொலியில் பேசுவது கேட்பவர் காதில் போய் விழ அரை நிமிடம் ஆகும். யாவ் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, அந்த அரை நிமிடம் கழிந்ததும், அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டதுதான். அதை மறுபடி கேட்க அவன் இன்னும் இரண்டு வார்த்தை திட்டினான்.

இப்படித்தான் வோஃபா பாது பிறந்தார். ஞாயிறுதோறும் மூன்றரைக்கு அவர் வந்தாகவேண்டும், இல்லையென்றால் பிராங்க்ஸில் சோறு இறங்காது. வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் ஒரு வெள்ளாடு வளர்த்த கதையைச் சொன்னார். ஒருநாள் வீட்டுக்காரன் பார்த்துவிட்டான். "என் பங்காளி, தாடி வச்சிருக்கான், குடியுரிமைத் தாளுக்காகக் காத்திருக்கான், அதுவரைக்கும் இங்கிலீசு பேசமாட்டான்" என்று வோஃபா சொன்னாராம். வீட்டுக்காரன் கிறிஸ்துமசுக்கு ஆட்டுக்கும் ஒரு வாழ்த்தட்டை அனுப்பினானாம். இந்தக் கதைக்கு டாக்சிக்காரர்கள் நாலு பேர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். ஒருவர் நிறுத்தாமல் பாஸ்டன்வரை போய்விட்டார்.

யாவுக்குச் சந்தோஷம் இரண்டு வாரம் இருந்தது. மூன்றாவது வாரம் சாப்பாட்டு மேசையில் அஃப்ரியே அந்த ஆட்டுக் கதையை அவனுக்கே சொன்னாள்.

"இதெல்லாம் ஒரு கதையா? நானும் சொல்லுவேன்" என்று யாவ் ஒரு சொல் மாறாமல் அதே கதையைத் திருப்பிச் சொன்னான். கன்னத்தில் கோலா மட்டும் இல்லை.

அஃப்ரியே சூப்பை ஊதினாள். "வோஃபா சொன்னா அந்த ஆடு மனுசனா மாறிடுது யாவ். நீ சொன்னா ஆடு ஆடாவே நிக்குது."

அன்றிலிருந்து அவனுக்கு வோஃபா பாதுவைக் கண்டால் ஆகவில்லை. அபெனாவின் மேல் இருந்த எரிச்சல் மொத்தமும் இடம் மாறி வூஸ்டருக்குப் போயிற்று. யார் இந்தக் கிழவன்? சொந்தமாக ஒரு மைக் உண்டா? ஒரு அலமாரி உண்டா? என் பாட்டு ஓடும் பதினாறு நிமிடத்தில் நுழைந்து என் பெண்டாட்டியைச் சிரிக்கவைக்க இவனுக்கு என்ன உரிமை? ஒரு வாரம் வேண்டுமென்றே சப்பென்று பேசிப்பார்த்தான். "வோஃபாவுக்கு ஒடம்பு முடியல போல, பாவம்" என்று அஃப்ரியே அன்று முழுக்கக் கவலைப்பட்டாள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையும் தண்ணீரும் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவள்.

பிறகு பனம்பழக் குழம்பு வந்தது.

ஈஸ்டருக்கு வோஃபா பாது பிராங்க்ஸ் வரவேண்டும், கடையில் விருந்து என்று அபெனா அறிவித்துவிட்டாள். யார் என்ன கொண்டுவருவது என்று பெண்கள் வானொலியிலேயே பங்கு போட்டார்கள். அஃப்ரியே போன் போட்டு, "பனம்பழக் குழம்பு என்னோடது. உரல்ல இடிச்சே பண்றேன்" என்றாள். யாவ் அலமாரிக்குள் இருந்து அதைக் கேட்டான். ஆறு வருடமாக அவன் கேட்டபோதெல்லாம் டப்பாவில் வரும் விழுதைக் கரைத்த குழம்புதான். இடிக்கச் சொன்னால் மணிக்கட்டு வலிக்கிறது என்பாள். அந்த நேரம் பார்த்து அலமாரிக் கதவு திறந்தது. அஃப்ரியேயின் கை உள்ளே வந்து, தூக்கணாங்குருவி போட்ட நீலத்துணியை, அவள் வைத்திருந்ததிலேயே நல்லதை, உருவிக்கொண்டு போயிற்று.

"அது எதுக்கு?"

"தேய்க்கத்தான். வோஃபா வர்றப்பக் கட்டணும்."

துணி போன இடத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. வானொலியில் எதிரொலி கேட்க ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிறு யாவ் பாட்டை நிறுத்தினான். தொண்டையைக் கனைத்தான். "ஆழ்ந்த துயரத்தோட அறிவிக்கிறோம். வூஸ்டர்ல இருந்த நம்ம வோஃபா பாது நேத்துக் காலைல நம்மள விட்டுப் போயிட்டாரு."

திரையின் ஓரத்தில் நாலு என்பது நாற்பதாயிற்று. கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலாயிரத்து இருநூறு. சடை ரேடியோவில் சத்தம் நின்றது. அந்தக் கடை பேசாமல் இருந்ததை அன்றுதான் பிராங்க்ஸ் கேட்டது. யாவ் அரியணையில் உட்கார்ந்திருப்பவனைப் போல முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு பாட்டு ஓடும் நேரம் அது நீடித்தது.

கதவைத் திறந்துகொண்டு அஃப்ரியே வந்தாள். கையில் கரண்டி, கண்ணில் நீர். "யாவ், நெசமா?"

"நெசந்தான்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். தன் அப்பா செத்தபோதுகூட இவள் இப்படி அழவில்லையே என்று யாவ் நினைத்துக்கொண்டான். செத்தும் அந்தக் கிழவன் தொலையவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை கானாச் சங்கத்துப் பெரியவர் தாச்சி, மரியாதையாக ஓபனின் தாச்சி என்போம், இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நலம் விசாரித்த பிறகு கேட்டார்.

"தம்பி, சாவச் சொல்ற வாய அந்தக் குடும்பந்தான் அனுப்பும். குடும்பம் சொல்லாம எவனும் சொல்லமாட்டான். ஒன்ன அனுப்பினது யாரு?"

குடும்பம் அனுப்பாமல் ஒரு சாவை அறிவித்தான் என்று ஆனால், ஊரில் எவனும் அவனோடு ஒரு தட்டில் கைவைக்கமாட்டான். "அவரோட கூடப்பொறந்தவங்க."

"பேரு பாது. அப்ப மூத்தவங்க ஒம்பது பேரு இருக்கணுமே. ஒம்பது பேருமா?"

"ஒம்பது பேருந்தான்."

"நல்லது. ஒடம்பு?"

"ஊருக்கு அனுப்பியாச்சு."

உடலைப் பற்றி அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பிராங்க்ஸில் நாங்கள் நடத்தும் துக்கங்களில் முக்கால்வாசிக்கு உடல் கடலுக்கு அந்தப் பக்கந்தான் இருக்கும். ஆனால் கூடப்பிறந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தாகவேண்டும். "வரச்சொல்லிச் சேதி அனுப்பு" என்று சொல்லிவிட்டு, ஓபனின் தாச்சி ஜெரோம் தெருவில் கூடம் பிடிக்கப் போனார்.

சனிக்கிழமை பிற்பகலில் துக்கம். சுவரில் இறந்தவரின் படம் பெரிதாக மாட்டவேண்டும். வோஃபாவுக்குப் படம் இல்லாததால், அவர் ஞாயிறுதோறும் கூப்பிட்ட அபெனா கடைப் போனைப் படம் பிடித்து மாலை போட்டு மாட்டியிருந்தார்கள். கறுப்பும் சிவப்புமான துக்கத் துணிகளால் கூடம் நிரம்பியது. யாவ் வாசலில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்பது பேருக்கு எங்கே போவது? ஒருவரும் வரவில்லை என்றால் பொய் உடைந்துவிடும்.

பதினோரு பேர் வந்தார்கள்.

சத்தியமாகப் பதினோரு பேர். எல்லாருக்கும் எப்போதோ எங்கோ போய்த் திரும்பாத ஒரு தம்பி இருந்தான். எல்லாரும் வானொலியில் அந்தக் குரலைக் கேட்டு, அவனேதான் என்று முடிவு செய்திருந்தார்கள். கண்ணீர் எல்லாம் அசல். ஓபனின் தாச்சி நீண்ட நேரம் யோசித்து, இரட்டையரை ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம் என்று சொல்லி, ஆகக்கூடி இரண்டு ஜோடி இரட்டையரைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு ஜோடியில் ஒருவருக்கு முப்பத்தைந்து வயது, இன்னொருவருக்கு எழுபது. எண்ணிக்கை ஒன்பதாயிற்று. எல்லாருக்கும் மூத்தவள் மாமே அகோசுவா என்ற கிழவி, முன்வரிசையின் நடுவில் உட்கார்ந்தாள்.

புகழுரைகள் தொடங்கின. அபெனா அழுதாள். டாக்சிக்காரர் பாஸ்டன் போன கதையைச் சொன்னார். பிறகு அஃப்ரியே மைக்கைப் பிடித்தாள். நீலத்துணி இல்லை, கறுப்புத்துணி.

"ஆறு வருசமா நான் வேலைக்குப் போறேன், வர்றேன், சமைக்கிறேன், தூங்குறேன். சிரிப்புன்னு ஒண்ணு இருக்குறதே எனக்கு மறந்துபோச்சு. வோஃபாதான் எனக்கு அதத் திருப்பிக் குடுத்தாரு. அவருக்கு ஒரு வாய் குழம்பு குடுக்க எனக்குக் குடுத்துவைக்கல."

யாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பையில் கிடந்த கோலாவைக் கன்னத்தில் திணித்தான். மேடையில் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினான். அந்தக் கிழக்குரலில் கத்தினான்.

"அழாதீங்க! வோஃபா பாது நாந்தான்! செம்மறி ஆடு நாந்தான் சொன்னேன்! தாடி வச்ச பங்காளியும் நாந்தான்! என் அலமாரிக்குள்ள உக்காந்து பேசினது நான்!"

மாமே அகோசுவா கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"என் தம்பிய முதுகுல கட்டிச் சொமந்தவ நான். அவன் கொரலு எனக்குத் தெரியாதா? அவன் கொரலு தேன். இவன் மூக்கடைச்சவன் மாதிரில்ல பேசுறான்!"

"ஆடுன்னு வர்ற எடத்துல வோஃபா ஒரு மூச்சு விடுவாரு. இவருக்கு அது வரல" என்றார் டாக்சிக்காரர்.

பின்னால் இருந்து ஒருவர், "நல்லாத்தான் முயற்சி பண்றான், ஆனா வரல" என்றார்.

அபெனா அவன் தோளில் கைவைத்தாள். குரலில் இரக்கம். "பிரதர் யாவ், ஒங்களுக்கு எம்மேல பொறாமன்னு எனக்குத் தெரியும். செத்த மனுசன் மேலயுமா?"

அது உண்மையாக இருந்ததால் யாவ் மைக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

ஓபனின் தாச்சி அங்கேயே தீர்ப்புச் சொன்னார். துக்க வீட்டில் இறந்தவரைப் பழித்தவன் சமாதானம் செய்யவேண்டும். இரண்டு புட்டி ஜின், ஒரு செம்மறி ஆடு, ஊரறிய மன்னிப்பு. யாவ் போனின் படத்துக்கு முன்னால் போய் நின்றான். செருப்பைக் கழற்றினான். தோளில் போட்டிருந்த துணியை இடுப்புக்கு இறக்கினான்.

"வோஃபா பாது, நான் ஒங்களவிட நல்லாப் பேசுவேன்னு நெனச்சது தப்பு. மன்னிச்சுக்குங்க."

பதினோரு மூத்தவர்களும் மன்னித்தார்கள்.

திரும்பும் வழியில் ரயிலிலிருந்து இறங்கும்போது அஃப்ரியே, "பரவால்ல. ஆனா வோஃபாவா இருந்தா துக்க வீட்டுல கத்தியிருக்க மாட்டாரு. அவருக்கு மரியாத தெரியும்" என்றாள். யாவின் வயிறு மறுபடி எரிந்தது. தன்மேலேயே இவ்வளவு பொறாமைப்பட்ட மனிதன் கானாவிலிருந்து கப்பல் ஏறியதில்லை.

மறுநாள் ஞாயிறு. அபெனா துக்கம் காக்க ஒரு வாரம் வானொலியை மூடியிருந்தாள். யாவ் அலமாரிக்குள் போய் உட்கார்ந்தான். திரையில் நாலு. கேட்பவர் கூட்டம் வோஃபாவோடேயே போய்விட்டிருந்தது. வேண்டாவெறுப்பாக, "அன்பான நேயர்களே" என்றான். நாலு ஐந்தாயிற்று. அரை நிமிடம் கழித்து, அடுப்படியில் எவர்சில்வர் கிண்ணத்துக்குள்ளிருந்து அவன் குரலே அவனுக்குக் கேட்டது. "அன்பான நேயர்களே."

உடனே போன் அடித்தது. உண்மை முரசுக்கு எட்டு மாதத்தில் முதல் போன்.

"ஹலோ… யாரு பேசுறீங்க, எங்கேருந்து?"

"அஃப்ரியே. அடுப்படிலேருந்து பேசுறேன்."

"சொல்லுங்க மேடம், ஒங்களுக்கு என்ன பாட்டு வேணும்?"

"ஒங்ககிட்ட ஒரு பதினாறு நிமிசப் பாட்டு இருக்காமே. அத மறைஞ்ச வோஃபா பாதுவுக்குப் போடுங்க."

யாவ் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டைத் தேடினான். போடுவதற்கு முன் மைக்கில் முணுமுணுத்தான். கன்னத்தில் ஒன்றும் இல்லை, அவன் சொந்தக் குரல்தான். "உசுரோட இருந்தப்பவும் அந்தாளு என் பதினாறு நிமிசத்ததான் தின்னாரு. செத்தும் விடல பாருங்க. இதுல ஆடு வேற நான் வாங்கிக் குடுக்கணும்."

பாட்டு தொடங்கியது. யாவ் எண்ணினான். பத்து. இருபது. இருபத்தெட்டு. முப்பதில் அடுப்படியில் கரண்டி கீழே வைக்கும் சத்தம் கேட்டது, அதன்பின் அந்தச் சிரிப்பு.

அவள் சிரித்தது தன் பேச்சுக்கா, வோஃபாவை நினைத்தா என்று யாவுக்குத் தெரியாது. கேட்டுவிடலாம், பதினோரு அடி தூரம்தான். கேட்டால் என்ன பதில் வருமோ என்று இன்றுவரை கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அந்தப் பாட்டைப் போடுகிறான், அதற்கு முன் வோஃபாவைப் பற்றி இரண்டு வார்த்தை வயிற்றெரிச்சலோடு பேசுகிறான். போன வாரம் கேட்டவர்கள் ஆயிரத்து எண்ணூறு பேர். அலாஸ்காக்காரரும் இருந்தார்.